வீரன் கூப்பிட்டால் வைத்தியர் வருவார்

பெங்களூர்
7-8-1988

அன்புத் தங்கை செல்விக்கு,

அண்ணன் அசோக் எழுதுவது. எனக்கு உடம்பு சௌகரியம்தான். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தாயா?

நாலே வரியில் கடிதம் எழுதுகிறேன் என்று திட்டியிருந்தாய். என்னத்தை எழுத? மெஸ்ஸில் சாம்பார் இனிக்கிறது, ஆபீஸில் வரைபடம் வரைகிறேன், மழை பெய்கிறது. ஏழு மாதமாக இதேதான். அதனால் நாம் எழுதிக்கொள்வதற்கென்றே ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறேன்.

என் அறைத்தோழனின் மாமா அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வாளெடுக்கும் வீரன், நெருப்பு ஏவும் மந்திரக்காரி, காயம் ஆற்றும் வைத்தியர் என்று வேஷங்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று நீ சொன்னால், கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். சண்டை வந்தால் ஒன்று முதல் இருபது வரை எண் போட்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் எதிரிக்கு அடி. தபாலிலேயே ஆடலாம். கதை சொல்வது நான். நீ வேஷத்தை எழுது.

நீ கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வரமாட்டேன். பொங்கலன்று ஊர் பார்க்க, "கடையில உக்கார மாட்டேன்னா இந்த வீட்டுலயும் உக்காராத" என்று சொன்னது யார்? "நீங்களா வான்னு கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
அசோக்


பாளையம்பட்டி
20-8-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். இங்கே அம்மா, நான், அப்பா மூன்று பேரும் நலம். நீ இரண்டு பேரைத்தான் விசாரித்திருந்தாய், மூன்றாவது ஆளை நானே சேர்த்துவிட்டேன். தைலம் தேய்த்ததில் முழங்கால் பரவாயில்லை.

உன் விளையாட்டு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அதனாலேயே பிடித்திருக்கிறது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? நான் மந்திரக்காரி. பெயர் அழகுத்தாய். பகடைக்கு எங்கே போவது? இருபது புளியங்கொட்டையைத் தரையில் உரசி, வெள்ளைப் பக்கத்தில் எண் எழுதி, பாட்டிலில் போட்டுவைத்திருக்கிறேன். குலுக்கி எடுத்து எழுதுவேன். நம்ப வேண்டும்.

நேற்று கடையில் மிளகாய் வத்தல் லோடு ஏற்றிவிட்டு வந்த அப்பாவிடம், "அண்ணனுக்கு ஒரு வரி எழுதுங்களேன்" என்றேன். "போனவனுக்கு வர்ற வழி தெரியாதா? நான் எதுக்குக் கூப்புடணும்?" என்றார்கள். அப்பனும் மகனும் ஒரே அச்சு. நடுவில் கிடந்து அழுவது அம்மா. எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம்தான்.

அன்புடன்,
தங்கச்செல்வி


பெங்களூர்
1-9-1988

அன்புத் தங்கைக்கு,

நலம். சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது. உன் கோபமும் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அழகுத்தாய்க்கு ஒரு நாடு தயார். புத்தகத்தில் பனிமலையும் கோட்டையுமாக இருக்கிறது. நமக்கு எதற்கு அது? மழை பொய்த்து ஏழு வருடமான ஒரு கரிசல் நாடு. கிழக்கே ஒரு ஊற்று உண்டு. ஏதோ ஒன்று அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திறப்பதுதான் உன் வேலை.

ஆனால் தனியாகப் போகாதே. மந்திரக்காரிக்கு உயிர் எண் ஆறுதான், இரண்டு அடியில் போய்விடுவாய். வீரன் ஒருவன் வேண்டும். அவனுக்கு உயிர் எண் இருபது. பக்கத்து வீட்டுச் சோலையம்மாளைக் கேட்டுப் பார். வைத்தியராக நானே வருகிறேன்.

முக்கியமான விதி ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு செயல். ஆனால் இரண்டு வேஷங்களின் திறமையை ஒன்றாகச் சேர்க்கலாம். வீரனின் வாளில் நீ நெருப்பேற்றலாம். அப்படிச் சேர்ப்பவர் அந்தச் சுற்றில் தன் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால், அடிப்பவர் எடுத்த எண்ணோடு மூன்று கூடும். இருவர் விட்டுக்கொடுத்தால் ஆறு. எங்கள் அறையில் முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஆளாளுக்கு அடித்தோம், நாலு பேரும் செத்தோம். அப்புறம்தான் இந்த விதியையே படித்தோம்.

வழியில் மூன்று ஓநாய்கள். அடி விழக் குறைந்தது பத்து வேண்டும். என்ன செய்கிறாய்?

அசோக்


பாளையம்பட்டி
17-9-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாள் அம்மா. மெஸ்ஸில் எங்கே கிடைக்கப் போகிறது என்று அதற்கும் ஒரு மூச்சு அழுதாள்.

சோலையம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஓநாயோடு சண்டை போட அவளுக்கு நேரமில்லையாம். ஆனால் வீரன் கிடைத்துவிட்டார்கள். உன் கடிதத்தை நான் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள். பெயரை எழுதினால் ஆடமாட்டார்களாம், அதனால் கேட்காதே. வேஷத்தின் பெயர் இருளப்பசாமி.

ஓநாய் வந்தது. "கொஞ்சம் பொறுங்க, வாள்ல நெருப்பு ஏத்துறேன்" என்றேன். "நீ ஏத்துற வரைக்கும் ஓநாய் கொட்டாவி விட்டுக்கிட்டு நிக்குமா?" என்று பாய்ந்துவிட்டார்கள். எடுத்த கொட்டை ஐந்து. வாள் காற்றில் போனது. நான் தனியாக நெருப்பு ஏவி ஒன்றைக் கொன்றேன். மற்ற இரண்டும் வீரனின் தொடையைக் கடித்துவிட்டு ஓடின. உயிர் எண் இருபதில் மிச்சம் பதினாலு. "ஓநாயா அது, ஒண்ணுக்கும் ஆகாத நாயி" என்று கடைசி வரை வீம்பு வேறு.

அன்புடன்,
செல்வி


பெங்களூர்
28-9-1988

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத் தேவையே இல்லை. நீங்கள் ஓநாயை விரட்டும் லட்சணத்திலேயே நலம் தெரிகிறது. அறையில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீரன் அம்மாதானே? அடுப்பில் பால் பொங்கினால் இப்படித்தான் பாய்வாள். சேரும்போது காத்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்.

வைத்தியர் வந்து தொடைக்குக் கட்டுப் போட்டார். அவர் செம்பில் தண்ணீர் வற்றாது, அதுதான் அவருடைய சக்தி. உயிர் எண் திரும்பவும் இருபது. ஊற்றுக்கு மூன்று நாள் நடை. என்னென்ன எடுத்துப் போகிறீர்கள்? வழியில் திருடர்கள் வரக்கூடும். வந்தால் ஒரு கொட்டை எடுத்து எழுது.

அசோக்


பாளையம்பட்டி
15-10-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள்.

அம்மா என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள். இருளப்பசாமியின் கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். கேடயம் எத்தனை கிலோ? தோல்பையில் எத்தனை படி தண்ணீர் பிடிக்கும்? சாமான் தூக்க மாடு உண்டா? திரும்பி வருகிற வழியை யார் பார்த்துவைத்தது? இதற்கெல்லாம் பதில் வராமல் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார்களாம்.

திருடர்கள் வந்தார்கள். வீரன் எடுத்த கொட்டை இரண்டு. "யாரு பாக்கப் போறா, பன்னெண்டுன்னு எழுதிருறேன்" என்றேன். வந்ததே கோபம்! "நிறுத்துக் குடுக்குறவன் வீட்டுல பெறந்துட்டுக் கூட்டி எழுதுவியா? எடுத்தது ரெண்டு. ரெண்டுன்னே எழுது" என்றார்கள். எழுதிவிட்டேன், இரண்டு.

தீபாவளிக்கு உனக்கும் ஒரு சட்டை எடுத்திருக்கிறது. அளவு சரியாக இருக்கும். கடைக்குப் போய் எடுத்தது அம்மா இல்லை. வந்து போட்டுக்கொள்ளக் கூடாதா அண்ணா?

செல்வி


பெங்களூர்
22-11-1988

அன்புத் தங்கைக்கு,

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை அதிகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வேலை ஒன்றும் அதிகமில்லை. அந்த 'இரண்டு' எழுதியிருந்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு டிக்கெட் வாங்கக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். நானாகப் போய் நின்றால், வீம்பை விட்டு வந்துவிட்டான் என்று ஆகிவிடும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். எல்லோரையும்.

கீழே உள்ளதை இருளப்பசாமி அவர்களுக்குப் படித்துக் காட்டு.

மதிப்பிற்குரிய வீரருக்கு, வணக்கம். கேடயம் ஆறு கிலோ. தோல்பை மூன்று படி பிடிக்கும். மாடு உண்டு. திரும்பி வருகிற வழியை வைத்தியர் பார்த்துவைத்திருக்கிறார். திருடர்கள் தங்களிடம் அடிவாங்காமலே தண்ணீர்ப் பை ஒன்றோடு ஓடிவிட்டார்கள். இப்போது ஊற்றுக்கு வந்துவிட்டீர்கள். வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு கல் பூதம். வெறும் வாள் இறங்காது, வெறும் நெருப்பு பிடிக்காது. அதை உடைக்கப் பதினைந்து வேண்டும். அது எழுந்து மிதித்ததில் தரை பிளந்து, வைத்தியர் மட்டும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். தங்கள் உத்தரவு என்ன?

அசோக்


பாளையம்பட்டி
4-12-1988

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். நீ எல்லோரையும் விசாரித்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார்கள், காது கேட்கவில்லை என்ற சாக்கில்.

கல் பூதத்தைப் பற்றி இரண்டு நாள் யோசனை. கடையில் வத்தல் நிறுக்கும்போதும் யோசனை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே சொன்னார்கள்: "கெணறு வெட்டுறப்பப் பாறை குறுக்க வந்தா என்ன செய்வோம்? மேல வெறகப் போட்டு எரிப்போம். கல்லு நல்லாக் காஞ்சதும் பச்சத் தண்ணிய ஊத்துவோம். படார்னு விரிசல் விடும். அப்புறம் சம்மட்டியால ஒரே போடு." இது உன் புத்தகத்தில் உண்டா? நெருப்புக்கு நான். சம்மட்டிக்கு வீரன். தண்ணீருக்கு வைத்தியர். மூன்று பேரும் சேராமல் அது உடையாது.

கல் காய இரண்டு சுற்று ஆகும். அதுவரை பூதம் என்னை மிதிக்காமல் யார் தடுப்பது? ஓநாய்க்கே பொறுக்காத மனுஷர், "நான் அடிக்கல. கேடயத்தப் புடிச்சுக்கிட்டு முன்னால நிக்கிறேன். நீ நிதானமா எரி" என்றார்கள். மிதியைத் தடுக்க எடுத்த கொட்டைகள் நாலு, ஏழு; இரண்டும் போதவில்லை. இரண்டு மிதியும் வீரன் மேல்தான். உயிர் எண் மிச்சம் ஒன்று. கீழே விழுந்து கிடக்கிறார்கள், சம்மட்டி கையில் இருக்கிறது.

வைத்தியர் எப்போது வருவார்?

செல்வி


பெங்களூர்
12-12-1988

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

இப்படி ஒரு சேர்க்கை புத்தகத்தில் இல்லை. அதைவிட நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வீரருக்கு இன்னும் ஒரு சுற்று தாங்கும்.

ஆனால் வைத்தியர் பள்ளத்தைத் தாண்டுவதற்கு ஒரு விதி இருக்கிறது. காயம்பட்டவர் தன் வாயால் அவரைக் கூப்பிட வேண்டும். மந்திரக்காரி கூப்பிட்டால் செல்லாது. வீரன் கூப்பிட்டால் வைத்தியர் வருவார்.

அசோக்


தந்தி
19-12-1988

ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.
ஐயாத்துரை, பாளையம்பட்டி


பெங்களூர்
3-1-1989

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு அறைக்கு வந்த ஒரு மணி நேரத்தில் காலி. புது வருடத்தில் நம் நாலு பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

நான் வந்து இறங்கியபோது நீ அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தாய். அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து மதுரை வரை தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும், அடியில் அப்பாவின் பெயரே இருந்தது எனக்கு உறைக்கவில்லை. மதுரையில் ஒருவர் மணி கேட்டார், அழுதுவிட்டேன். பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறி, நம் தெரு முனையில் கூட்டம் நிற்கிறதா, சங்குச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை. கடை திறந்திருந்தது. அப்பா தராசைப் பிடித்துக்கொண்டு, எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்தவர்களுக்கு வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தார்.

வத்தல் நெடியில் தும்மல் வந்தது. அழுகையையும் அதோடு சேர்த்துவிட்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். தராசுத் தட்டு ஆடி நின்றதும் எடைக்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "என்னலே, பெங்களூருக்குப் போயி நெடி தாங்காமப் போச்சா? பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுச்சா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. உயிரோடு இருக்கிறார், என்னோடு பேசுகிறார். வேறென்ன வேண்டும்?

தபாலாபீஸ் வாசலில் தந்திப் பாரம் எழுதிக்கொடுக்கும் மொக்கையன் அண்ணனை அப்பா திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பாவம், அவர் என்ன செய்வார்? "அண்ணாச்சி வந்து, வீரன் விழுந்துட்டான், வைத்தியரு வரணும்னு தந்தி எழுதுன்னாக. வீரன் யாருன்னேன். நான்தாம்லேன்னாக. வைத்தியரு யாருன்னேன். எம் மகன், பெங்களூருல இருக்கான்னாக. இருவது வருசமா எழுதுறேன் தம்பி, இதுக்கு ஒரு வாசகந்தான் இருக்கு" என்றார். "இங்கிலீசு தெரியாதவன ஏமாத்திட்டியேலே" என்று அப்பா குதித்ததும், அம்மா சிரித்ததும்! ஒரு வருடமாக அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஆட்டத்தை முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்து ஆபீஸில் தனியாகச் சிரிக்கிறேன். நீ நெருப்பைச் சேர்த்து உன் அடியை விட்டுக்கொடுத்தாய். அடுத்து வைத்தியர் முறை. உயிர் எண் ஒன்றோடு கிடப்பவருக்குக் கட்டுப் போடுவதா, பாறையில் தண்ணீர் ஊற்றுவதா? எனக்குக் கை வரவில்லை. "என்னய விடு. தண்ணிய ஊத்து" என்றார் அப்பா. கொட்டை ஒன்பது. உன் மூன்றும் என் மூன்றும் சேர்த்துச் சரியாகப் பதினைந்து. நீ குதித்த குதியில் பாட்டில் உடைந்தது. அப்பா மட்டும் என் முகத்தைப் பார்த்து, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். வீரன் தன் வாயால் கூப்பிட வேண்டும் என்ற விதி புத்தகத்தில் இல்லை. நானே எழுதியது. என் வீம்புதான். அப்பாவிடம் சொல்லாதே. ஒரே ஒரு குறை எனக்கு. கடைசியில் என்னைக் கூப்பிட்ட வாசகம் அப்பாவுடையது இல்லை, மொக்கையன் அண்ணனுடையது. போகட்டும். யார் கூப்பிட்டால் என்ன, இனி நானாகவே வருவேன்.

அன்புடன்,
அசோக்


பாளையம்பட்டி
8-1-1989

மகன் அசோக்குக்கு அப்பா ஐயாத்துரை எழுதிக்கொண்டது. தெய்வத்தின் புண்ணியத்தில் இங்கே யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடிதத்தைச் செல்வி படித்துக் காட்டினாள். அப்பாவிடம் சொல்லாதே என்ற வரியையும் சேர்த்துத்தான் படித்தாள். அவளைக் கோபிக்க வேண்டாம்.

பொங்கலுக்கு வா. முந்தின நாளே வா. கடையில் உட்காரச் சொல்ல மாட்டேன். நீ போடும் படங்கள் ரெண்டு கொண்டு வந்தால் பார்க்கலாம். தீபாவளிச் சட்டையை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அம்மா மடித்து வைத்திருக்கிறாள்.

தந்தி விஷயம். மொக்கையனை நான் திட்டியது தப்பு. நேற்று நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். தந்தி கொடுத்த அன்றைக்கு, அவன் எழுதிய வாசகத்தை எனக்கு நீட்டினான். நான் வாங்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீசு தெரியாதவன் என்று நீங்கள் எல்லோரும் நம்பியது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. 'ஃபாதர்' எனக்குத் தெரியாதா? உன் பள்ளிக்கூட மார்க்கு அட்டையில் அந்த வார்த்தைக்கு நேராகத்தான் பத்து வருஷம் கையெழுத்துப் போட்டேன். 'ஸ்டார்ட்' லாரிக்காரர்கள் தினமும் சொல்லுவது. நடுவில் இருந்த வார்த்தைதான் புரியவில்லை. சீரியஸ் என்றால் என்னடா என்று கேட்டேன். "ரொம்ப முடியாம இருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி" என்றான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அனுப்பச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஐயாத்துரை